பாலிஷ் போடும்போதே பேடைச் சுத்தம் செய்வது எப்படி: மெஷின் டீட்டெய்லிங் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காருக்கு மெஷின் பாலிஷிங் செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: எந்த மெஷின் வாங்கலாம், எந்த காம்பவுண்ட் (பெயிண்டின் கீறலை அரைத்து எடுக்கும் பேஸ்ட்) நல்லது. மெஷினின் முனையில் மாட்டும் பேடை (ஃபோம், மைக்ரோஃபைபர் அல்லது கம்பளி வட்டம்) எப்போது, எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. அதனாலேயே ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. அதே மெஷின், அதே காம்பவுண்ட், அதே கை. பானெட்டில் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சிறு பகுதிதான் செக்‌ஷன்; முதல் செக்‌ஷன் பளிச்சென்று வருகிறது. நான்காவது செக்‌ஷனில் லேசாக ஒரு வெண்மங்கல். உடனே காம்பவுண்டைக் குறை சொல்கிறோம், ஸ்பீடைக் கூட்டுகிறோம், கையை அழுத்துகிறோம். மூன்றுமே நிலைமையை மோசமாக்கும். காரணம் பேடுக்குள் இருக்கிறது.

பேடைக் கழுவுவது வேறு, பேடைச் சுத்தம் செய்வது வேறு. கழுவுவது வேலை முடிந்த பிறகு தண்ணீரும் சோப்பும் வைத்துச் செய்வது. சுத்தம் செய்வது வேலையின் நடுவில், ஒவ்வொரு செக்‌ஷன் முடிந்ததும், மறுபடி காம்பவுண்ட் வைப்பதற்கு முன்னால் செய்வது. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை எவ்வளவு அக்கறையாகச் செய்தாலும் அன்றைய காருக்கு அதனால் பயன் இல்லை.

பேடுக்குள் என்ன சேருகிறது

ஒரு செக்‌ஷன் முடிந்ததும் பேடில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. வேலை செய்து தீர்ந்த காம்பவுண்டின் அரைக்கும் துகள்கள், அந்தக் காம்பவுண்டில் இருந்த எண்ணெயும் மசகும், பெயிண்டிலிருந்து உரசி எடுத்த கிளியர் கோட்டின் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு) பொடி.

மூன்றாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு சதுர மீட்டர் அளவுள்ள பானெட்டில் சராசரியாக 2 மைக்ரான் கிளியர் கோட் எடுத்தால், மொத்தம் எடுத்தது 2 மில்லி லிட்டர் பெயிண்ட். ஏறக்குறைய அரை டீஸ்பூன். அதில் கொஞ்சம் தூசாகப் பறக்கும், கொஞ்சம் துடைக்கும் துணிக்குப் போகும், மீதி பேடின் துளைகளில்தான் உட்காரும். அந்தப் பொடி எண்ணெயோடு சேர்ந்து சூட்டில் பிசுபிசுப்பான பசையாகி, பிறகு காய்ந்து கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்ட கட்டிகள் பெயிண்டில் உருளும்போது புதுக் கீறல் விழும். கரும்பலகை டஸ்டரில் சாக்பீஸ் பொடி நிறைந்த பிறகு எவ்வளவு அழித்தாலும் பலகை வெள்ளையாகவே இருக்கும் அல்லவா, நிறைந்த பேடும் அப்படித்தான்.

காம்பவுண்டின் வகையும் இங்கே முக்கியம். சில காம்பவுண்டுகளின் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். முந்தைய செக்‌ஷனின் உடைந்த துகள்கள் பேடில் இருக்கும்போது மேலே புது காம்பவுண்ட் வைத்தால் இரண்டும் கலந்து, வெட்டும் திறன் செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் மாறும். வேறு சில காம்பவுண்டுகளில் துகள்கள் உடைவதே இல்லை; தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவில் வெட்டும். இந்த வகையில் பேடில் தங்கிய பழைய துகள்களும் தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் மசகு தீர்ந்துபோயிருக்கும். மசகில்லாத துகள் ஹேஸ், அதாவது வெண்மங்கல், போடும். ஆக எந்த வகை வாங்கினாலும் சுத்தம் செய்வதிலிருந்து தப்ப முடியாது.

நிறைந்த பேடால் சூடும் ஏறுகிறது. ஃபோமின் துளைகள் வழியாகக் காற்று போய்வருவதால்தான் பேட் ஓரளவு குளிர்ந்திருக்கிறது. துளை அடைத்தால் சூடு உள்ளேயே நின்று, ஃபோமையும் வெல்க்ரோவையும் இணைக்கும் பசையை இளக்கிவிடும். வேலையின் நடுவே பேட் பிய்த்துக்கொண்டு பறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் போதுமான பேடுகள். ஒரு முழுக் காருக்கு, 5 அல்லது 6 அங்குல அளவில், கட்டிங் பேட் (கீறலை வெட்டி எடுக்க) நான்கிலிருந்து ஆறு, ஃபினிஷிங் பேட் (கடைசிப் பளபளப்புக்கு) மூன்று நான்கு இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். கதவுத் தூண், பம்பர் மூலை, பக்கக் கண்ணாடி மூடி போன்ற இடங்களுக்கு 3 அங்குலத்தில் இரண்டு. இதைச் செலவு என்று நினைக்காதீர்கள். இரண்டே பேடுகளை வைத்துக்கொண்டு அவற்றை அளவுக்கு மீறிச் சூடாக்கி நான்கு காரில் பாழாக்குவதைவிட, எட்டுப் பேடுகளை மாற்றி மாற்றி வைத்து நீண்ட நாள் ஓட்டுவதுதான் சிக்கனம்.

அடுத்து ஒரு பேட் பிரஷ். நைலான் முடி, நடுத்தர விறைப்பு. கடையில் பேட் பிரஷ் என்றே கிடைக்கும். இல்லையென்றால் மென்மையான முடியுள்ள நகப் பிரஷ் ஃபோமுக்குப் போதும். துணி துவைக்கும் பிரஷ் வேண்டாம்; அதன் முடி ஃபோமைக் கிள்ளி எடுத்துவிடும். கம்பி பிரஷை எந்தப் பேடின் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள்.

மூன்றாவது, பருத்தி டர்க்கி டவல் மூன்று நான்கு. பழையதாக இருக்கலாம், ஆனால் துவைத்ததாக இருக்க வேண்டும், விளிம்புத் தையலில் நைலான் நூலோ லேபிளோ இருக்கக் கூடாது. இங்கே மைக்ரோஃபைபரைவிடப் பருத்தி டர்க்கியே நல்லது. அதன் சுருள் இழை ஃபோமின் துளைக்குள் நுழைந்து எண்ணெயை உறிஞ்சும்.

கம்ப்ரசரும் ஏர் கன்னும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் போய் வேலை செய்பவர்களிடம் கம்ப்ரசர் இருக்காது. அவர்கள் பிரஷ், டவலோடு பேடின் எண்ணிக்கையை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் இரண்டும் கட்டாயம். பேடிலிருந்து பறப்பது வெறும் தூசு இல்லை, அரைத்த பெயிண்டும் அரைக்கும் துகளும்.

கடைசியாக மூடி போட்ட இரண்டு டப்பா. ஒன்றில் சுத்தமான பேடுகள், மற்றதில் பயன்படுத்தி முடித்தவை. பேடைத் தரையில் வைக்காதீர்கள். மெஷினைப் பேட் தரையைத் தொடும்படி நிறுத்தாதீர்கள். ஒரே ஒரு மணல் துணுக்கு ஒட்டினால் போதும், அது கதவு முழுக்க வட்டம் போட்டுவிடும்.

ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் பிறகு

ஒரு செக்‌ஷன் என்றால் ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடி. மூன்று நான்கு பட்டாணி அளவு சொட்டு காம்பவுண்ட், குறுக்கும் நெடுக்குமாக நான்கிலிருந்து ஆறு பாஸ் (அந்தப் பகுதி முழுவதும் மெஷினை ஒருமுறை ஓட்டுவது ஒரு பாஸ்). மெஷினை நிறுத்துகிறீர்கள். பெயிண்டைத் துடைப்பதற்கு முன்பே பேடைக் கவனியுங்கள். மசகு ஈரமாக இருக்கும்போது பேடிலிருந்து கழிவு எளிதில் வரும். நீங்கள் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, போன் பேசிவிட்டு வருவதற்குள் அது காயத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ ஷெட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு இந்த அவகாசம் இன்னும் குறைவு.

டவல் முறை. டர்க்கி டவலை நான்காக மடித்து இடது உள்ளங்கையில் வையுங்கள். வலது கையில் மெஷின், பேட் உங்கள் இடது உள்ளங்கையைப் பார்த்தபடி. டவலைப் பேடின் மேல் முழுதாகப் பதித்து அழுத்திப் பிடித்த பிறகுதான் டிஏ மெஷினை (டூயல் ஆக்‌ஷன், பேட் சுழன்றுகொண்டே அதிரும் வகை) ஆன் செய்ய வேண்டும், நடுத்தர ஸ்பீடில். அழுத்தத்தில் பேட் சுழலாது, அதிரும். அந்த அதிர்வுதான் வேண்டும். விரல் நுனிகளால் டவல் வழியாக ஃபோமை நடுவிலிருந்து விளிம்பு வரை அமுக்கிக்கொண்டே வாருங்கள். ஐந்து, பத்து வினாடி போதும். டவலைத் திருப்பிப் பார்த்தால் வட்டமாக ஒரு கறை இருக்கும். அடுத்த முறை டவலின் வேறு மடிப்பைப் பயன்படுத்துங்கள்.

அந்தக் கறையின் நிறத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். கிளியர் கோட் உள்ள காரில், காரின் நிறம் எதுவானாலும், கறை காம்பவுண்டின் நிறத்திலோ சாம்பல் கலந்த வெள்ளையாகவோதான் இருக்க வேண்டும். சிவப்புக் காரில் டவலில் சிவப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் இருப்பதுபோல் கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு பெயிண்டாக இருந்தால் அது இயல்பு. இல்லையென்றால் கிளியர் கோட்டைத் தாண்டி அடி நிறத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். ரீபெயிண்ட் செய்த பேனலில், விளிம்பில், பாடி லைனில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒற்றைப் பூச்சு பெயிண்டில் நிறமே பேடுக்குள் இறங்குவதால் பேட் மிக வேகமாக நிறையும். அங்கே செக்‌ஷனைச் சிறிதாக்கி, பேடுகளை இரட்டிப்பாக எடுத்து வையுங்கள்.

ரோட்டரி மெஷினில் (பேட் ஒரே அச்சில் சுழல மட்டும் செய்யும் வகை) இந்த டவல் முறையைச் செய்யவே கூடாது. ரோட்டரி அழுத்தத்துக்கு நிற்காது. துணியைச் சுருட்டி இழுத்து, கூடவே விரலையும் மணிக்கட்டையும் முறுக்கும். ரோட்டரியில் பிரஷ் அல்லது காற்று மட்டும்.

பிரஷ் முறை. டிஏ என்றால் மெஷினை ஆஃப் செய்துவிட்டு, பேடைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பிரஷை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். குறைந்த ஸ்பீடில் ஓடவிட்டும் செய்யலாம். பிரஷை மெல்லத் தொட்டாலே போதும். ரோட்டரியில் 600 முதல் 1000 ஆர்பிஎம் வரை, மெஷினை இரண்டு தொடைக்கும் நடுவே வைக்காமல் மேசையிலோ ஸ்டாண்டிலோ உறுதியாகப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். பிரஷின் வேலை காய்ந்த படலத்தை உடைப்பது. அது உடைந்த பொடியை வெளியே எடுக்காது. அதனால் பிரஷ் போட்ட பிறகு டவல், அல்லது காற்று. பிரஷை மட்டும் போட்டுவிட்டு அடுத்த செக்‌ஷனுக்குப் போனால், கெட்டியாக இருந்ததைப் பொடியாக்கி மறுபடி பெயிண்டில் தூவுகிறீர்கள்.

காற்று முறைதான் எனக்கு மிகப் பிடித்தது. பேடை ஈரமாக்காமல், அமுக்காமல், துளையின் ஆழத்திலிருந்து கழிவை வெளியே தள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். காரிலிருந்து விலகி, காற்று அடிக்கும் திசையில் எந்தக் காரும் இல்லாத இடத்துக்குப் போங்கள். மெஷின் ஆஃப். பேடை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். பிடிக்காமல் சாய்வாகக் காற்றடித்தால் பேட் விசிறிபோலக் கட்டுப்பாடில்லாத வேகத்தில் சுற்றும், டிஏ மெஷினின் பேரிங்குக்கு அது நல்லதில்லை. மைக்ரோஃபைபர் பேடுக்கு 60 முதல் 90 பிஎஸ்ஐ வரை தாங்கும். ஃபோமுக்கு அழுத்தத்தைக் குறைத்து, ஏர் கன் நுனியை மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் பிடித்து, சாய்வான கோணத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு அடியுங்கள். நுனியை ஃபோமில் ஒட்டி நேராக அடித்தால் ஃபோம் கிழியும், வெல்க்ரோவுக்கும் ஃபோமுக்கும் நடுவே காற்று புகுந்து பசை விடும்.

சுத்தம் செய்த பிறகு பேடைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பாருங்கள். ஃபோமின் துளைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், விரலால் தடவினால் ஒரே சீராக இருக்க வேண்டும், எங்கேயும் தோல் படிந்தாற்போல் வழவழப்பு இருக்கக் கூடாது. விளிம்பைத் தனியாகத் தடவிப் பாருங்கள். கழிவு அங்கேதான் ஒதுங்கிக் கெட்டிப்படும், பிரஷும் அங்கேதான் அதிகம் தவறவிடும்.

இந்த முழு வேலைக்கும் அரை நிமிடம் ஆகாது. அடுத்த செக்‌ஷனுக்குப் பேடை மறுபடி முழுதாக பிரைம் செய்யத் (முகம் முழுக்கக் காம்பவுண்ட் தடவத்) தேவையில்லை, மூன்று நான்கு சொட்டு போதும். நிறைந்த பேடில் காம்பவுண்ட் வேலை செய்யாததால் மேலும் மேலும் ஊற்றுவதுதான் பலரின் பழக்கம். பாட்டில் சீக்கிரம் தீர்வதும் அதனால்தான்.

மைக்ரோஃபைபரும் கம்பளியும்

மைக்ரோஃபைபர் பேடில் துளை கிடையாது. இழைகளின் நுனியில்தான் எல்லாக் கழிவும் தங்கும். அதனால் அது ஃபோமைவிட வேகமாக நிறைகிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டால் வெட்டும் திறன் சட்டென்று விழும், ஹேஸ் கூடும். ஃபோமில் ஒரு செக்‌ஷன் விட்டுச் சுத்தம் செய்தாலும் சமாளிக்கலாம், மைக்ரோஃபைபரில் முடியாது. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் காற்று. காற்று இல்லையென்றால் பிரஷால் இழைகளை எதிர்த்திசையில் நிமிர்த்திவிட்டு டவல்.

கம்பளி பேடுக்கு, நம் பெயிண்டிங் ஷெட்களில் ஊல் பேட் என்பது, பல் சக்கரம் வைத்த ஸ்பர் என்ற கருவி உண்டு. ரோட்டரியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஸ்பரை நடுவிலிருந்து விளிம்புக்கு இழுத்தால் காய்ந்த காம்பவுண்ட் பொடியாகப் பறக்கும், கம்பளி பஞ்சாக எழும். கூடவே நிறைய முடியும் உதிரும். புதுப் பேடில் அது இயல்பு. ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்துச் சுரண்டுவது பல ஷெட்களில் நடக்கிறது. செய்யாதீர்கள். முடி வேரோடு அறுகிறது, ஸ்க்ரூ டிரைவர் சிக்கினால் கையும் போகும். ஸ்பரை ஃபோமில் போடக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சூடு ஏறியதும் மாற்றுங்கள்

எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஒரே பேடில் முழுக் காரும் ஓடாது. பேடின் நடுவில் கையை வையுங்கள். கதகதப்பாக இருந்தால் தொடரலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் கழற்றி, ஓரமாக வைத்து, அடுத்த பேடை மாட்டுங்கள். சூடு நடுவில்தான் முதலில் ஏறும். பல பேடுகளின் நடுவே துளை வைப்பதும் அதற்காகத்தான். பொதுவாக ஒரு கட்டிங் பேட் ஒன்று அல்லது இரண்டு பேனலுக்கு. 3 அங்குலப் பேடில் பரப்பு குறைவு என்பதால் அது இன்னும் சீக்கிரம் சூடாகும்.

கழற்றும்போது ஃபோமின் விளிம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். விரலை வெல்க்ரோவுக்கும் பேக்கிங் பிளேட்டுக்கும் (பேடை மாட்டும் மெஷினின் தட்டு) நடுவே விட்டு, ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். பேட் மிகச் சூடாக இருந்தால் சில நிமிடம் ஆறட்டும். இளகிய பசையோடு இழுத்தால் வெல்க்ரோ பிளேட்டிலேயே நின்றுவிடும். மறுபடி மாட்டும்போது நடுவைப் பார்த்து மாட்டுங்கள். கால் அங்குலம் விலகினாலும் மெஷின் அதிரும், அந்த அதிர்வு பெயிண்டிலும் தெரியும், உங்கள் தோளிலும் தெரியும்.

பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கருப்புக் கோடு போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். டிஏ ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவதைப் பார்த்தாலே பேட் சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று தெரியும். அதே பேனலில், அதே அழுத்தத்தில், முன்பு சுற்றிய கோடு இப்போது தயங்கினால் பேட் கனத்துவிட்டது.

பேட் வாஷரும் ஈரப் பேடும்

வாளி வடிவில், உள்ளே சல்லடையும் தண்ணீர் பீய்ச்சும் அமைப்பும் உள்ள பேட் வாஷர் கிடைக்கிறது. பேடை மெஷினோடு உள்ளே விட்டு, மூடியை மூடி, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே ஓட்டினால் சில வினாடிகளில் கழிவு கழன்றுவிடும். பிறகு சல்லடைக்கு மேலே தூக்கிச் சுற்றவிட்டால் பெரும்பகுதித் தண்ணீர் தெறித்துப்போகும். கம்பளி பேடை ரோட்டரியில் போட்டு நாள் முழுக்கக் கட்டிங் போடும் இடங்களுக்கு இது நல்ல முதலீடு.

ஃபோமில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எவ்வளவு சுற்றினாலும் ஃபோமுக்குள் ஈரம் நிற்கும். ஈரம் காம்பவுண்டின் மசகை நீர்த்துப்போகச் செய்யும், தெறிக்கும், பேடின் எடை கூடுவதால் டிஏ சுழல்வது குறையும். அதனால் வாஷரில் கழுவிய ஃபோமை அதே காரில் உடனே பயன்படுத்தாமல் வரிசையின் கடைசிக்குத் தள்ளுங்கள். வாஷர் இல்லாமல் சாதாரண வாளியில் மெஷினை விட்டுச் சுற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: தண்ணீரும் 230 வோல்ட் மெஷினும் ஒன்றாக இருக்கும் இடம் அது. எர்த் சரியாக இல்லாத, ஈரத்தில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

வேலை முடிந்தபின் கழுவுவது

கார் முடிந்த அன்றே கழுவுங்கள். மறுநாள் கழுவலாம் என்று விட்டால் காம்பவுண்ட் கல்லாகிவிடும். நேரம் இல்லாத நாளில் குறைந்தது தண்ணீரில் அலசிப் பிழிந்தாவது வையுங்கள்.

முதலில் காய்ந்த பொடியைப் பிரஷால் தட்டிவிடுங்கள். ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது கையை வைத்தால் சுகமாக இருக்கும் அளவு. அதில் பேட் கிளீனரை அதன் லேபிளில் சொன்ன அளவில் கலக்குங்கள். இல்லையென்றால் ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. நீர்சார்ந்த காம்பவுண்ட் என்றால் பாத்திரம் தேய்க்கும் லிக்விடே போதும். எண்ணெய் அதிகமுள்ள காம்பவுண்டுக்கும் வேக்ஸுக்கும் அது போதாது, கொழுப்பை வெட்டும் கிளீனர் வேண்டும். பேடுகளை 15 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இரவு முழுக்க ஊறவைப்பதில் எந்தக் கூடுதல் பயனும் இல்லை. வெல்க்ரோ பசைதான் கெடும்.

ஊறியதும் பேடின் முகத்தில் கொஞ்சம் கிளீனர் விட்டு, கட்டை விரல்களால் நடுவிலிருந்து வெளியே பிசைந்து தள்ளுங்கள். பிரஷ் தேவைப்பட்டால் ஒரே திசையில், மென்மையாக. பிறகு ஓடும் தண்ணீரில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அமுக்கி அமுக்கி விடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், ஃபோம் உள்ளுக்குள் கிழியும். நுரையும் நிறமும் இல்லாமல் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். பேடில் தங்கிய சோப்பு அடுத்த காரில் காம்பவுண்டோடு கலந்து வழுக்கும்.

நம் ஊரில் பாதிப் பேர் போர் தண்ணீரில்தான் கழுவுகிறோம். உப்புத் தண்ணீரில் நுரையும் சரியாக வராது, காய்ந்த பின் உப்பும் சுண்ணாம்பும் ஃபோமிலேயே தங்கும், பேட் விறைக்கும். கழுவுவது போர் தண்ணீரில் இருக்கட்டும், கடைசி ஒரு அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதற்கு அருமையாக உதவும், அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. ஆர்ஓ கழிவுத் தண்ணீரைப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அது போர் தண்ணீரைவிட உப்பு கூடியது.

மைக்ரோஃபைபர் பேடுக்கும் இதே முறைதான், ஆனால் துணிக்குப் போடும் கம்ஃபர்ட் போன்ற கண்டிஷனர் கூடாது. இழையில் படலம் போட்டுவிடும். கம்பளிக்கு வெந்நீரே கூடாது. சூடான தண்ணீரில் கசக்கினால் கம்பளி சுருங்கி, முடிச்சு முடிச்சாகச் சிக்கிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, காய்ந்ததும் பிரஷால் சீவிவிடுங்கள். வாஷிங் மெஷினை மூன்றுக்கும் தவிர்ப்பதே நல்லது.

வேக்ஸ், சீலன்ட் போட்ட பேடைக் காம்பவுண்ட் பேடோடு ஒரே வாளியில் ஊறப்போடாதீர்கள். செராமிக் கோட்டிங் பூசிய அப்ளிகேட்டரைக் கழுவ முயற்சியே செய்ய வேண்டாம். அது உள்ளே கண்ணாடிபோல இறுகிவிடும், மறுபடி பெயிண்டில் வைத்தால் கீறும். அன்றே குப்பையில் போட்டுவிடுங்கள்.

காயவைப்பதும் எடுத்து வைப்பதும்

பிழிந்த பேடை மெஷினில் மாட்டி, காலியான சுத்தமான வாளிக்குள் இறக்கி, குறைந்த வேகத்தில் சில வினாடி சுற்றவிட்டால் மிச்சத் தண்ணீர் வெளியேறும். பிறகு கம்பி வலையுள்ள தட்டில் ஃபோம் கீழேயும் வெல்க்ரோ மேலேயுமாக வையுங்கள். தண்ணீர் கீழே வடியும், பசையுள்ள பக்கத்தில் தேங்காது. கீழே ஒரு ஃபேன் இருந்தால் நல்லது. நேர் வெயிலில் போடாதீர்கள். வெயில் ஃபோமைப் பொடியவைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேட் காய ஒரு நாள் போதாது. உள்ளே ஈரம் இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சை வாடை வந்துவிடும். ஃபோமை அமுக்கிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும்.

காய்ந்ததை வேலைவாரியாகத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, பேடின் பின்பக்கத்தில் மார்க்கரால் எந்த காம்பவுண்டுக்கு என்று எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தில் மஞ்சள் ஃபோம் மெல்லிய ஃபினிஷிங் வகை. அமெரிக்காவின் லேக் கன்ட்ரியில் மஞ்சள் கடினமான கட்டிங் வகை. இரண்டு நிறுவனப் பேடும் ஒரே டப்பாவில் கிடந்து, அவசரத்தில் கை மாறினால் ஃபினிஷிங் போட வேண்டிய இடத்தில் கட்டிங் நடக்கும். ஃபினிஷிங் பேடில் ஒருமுறை கட்டிங் காம்பவுண்ட் பட்டுவிட்டால், எவ்வளவு கழுவினாலும் அதை ஃபினிஷிங் வரிசைக்குத் திரும்பச் சேர்க்க வேண்டாம். அது மீடியம் வேலைக்குப் போகட்டும்.

பெயிண்டைப் பார்த்தே பேடைக் கண்டுபிடிப்பது

டெஸ்ட் ஸ்பாட்டில் (வேலையைத் தொடங்கும் முன் சோதித்துப் பார்க்கும் சிறு இடம்) புதிதாய்க் கழுவிய பேடில் எத்தனை பாஸில் என்ன முடிவு வந்தது என்பதை நினைவில் வையுங்கள். அதுதான் அளவுகோல். அதே காரின் அதே கடினமுள்ள பெயிண்டில், அதே முடிவுக்கு இரண்டு பாஸ் கூடுதலாகத் தேவைப்பட்டால் பேட் நிறைந்துவிட்டது. திடீரென்று வெள்ளைத் தூசு அதிகமாகப் பறந்தால் பேட் காய்ந்திருக்கிறது அல்லது பழைய கழிவு உதிர்கிறது. மெஷின் துள்ளினால், கிறீச்சென்று சத்தம் வந்தால், பேடின் மேல் பசை படர்ந்திருக்கிறது. துடைக்கும்போது காம்பவுண்ட் எளிதில் வராமல் திட்டுத் திட்டாக ஒட்டினாலும் அதே காரணம்தான். ஒற்றையாக, ஆழமாக, வளைந்து ஓடும் ஒரு கீறல் மட்டும் புதிதாகத் தெரிந்தால் அது நிறைந்த பேட் இல்லை. மணலோ காய்ந்த கட்டியோ பேடில் மாட்டியிருக்கிறது. அந்தப் பேடை உடனே கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுங்கள், கழுவிப் பார்க்கும் ஆராய்ச்சி பிறகு இருக்கட்டும்.

எப்போது விடை கொடுப்பது

ஃபோமை விரலால் அமுக்கிவிட்டால் சட்டென்று எழும்ப வேண்டும். நடுவில் குழிந்து அப்படியே நின்றால் உள்ளே செத்துவிட்டது. விளிம்பு கிழிந்தது, வெல்க்ரோ ஓரத்தில் தூக்கியது, மாட்டி ஓட்டும்போது தள்ளாடுவது, பிரஷ் போட்டும் நிமிராத மைக்ரோஃபைபர் இழை: இவை எதுவாக இருந்தாலும் பெயிண்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மணலில் விழுந்த கம்பளி பேடையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

ஓய்வு பெற்ற கட்டிங் பேடுகளில் வெல்க்ரோ உறுதியாக இருப்பவை மஞ்சள் பூத்த ஹெட்லைட் வேலைக்கு இன்னும் சில காலம் உழைக்கும். கிழிந்தவற்றை வெட்டிக் கையால் தேய்க்கும் துண்டுகளாக்கினால் சைலன்சர் முனை, அலாய் வீல் உட்புறம் எல்லாம் முடியும். அவற்றின் முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வேறு டப்பாவில் வையுங்கள், கடையில் வேலை செய்யும் பையன் தெரியாமல் எடுத்துப் பெயிண்டில் மாட்டிவிடாதபடிக்கு.